சாம்பல் பூசிய வெட்டுக்கிளி

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. முகூர்த்தம் வருகிறதோ இல்லையோ கரண்டு பில் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்ததால், முதலாளி நொந்துபோய் அதை வாடகைக்கு விட்டுவிட்டார். எடுத்தவர்கள் வெப்பமண்டல வெட்டுக்கிளி வகைப்பாட்டு மையத்தார். உலகத்தில் இப்படியும் ஒரு ஆபீஸ் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். வாசலில் போர்டு இருக்கிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஒரு ஆபீஸுக்கு வேறென்ன வேண்டும்?

மணமேடையில் இயக்குநர் தங்கவேலு மேஜை போட்டு உட்கார்ந்தார். அவர் தலைக்குப் பின்னால் ஜிகினா ஒட்டிய இரண்டு மயில்கள் இருந்தன. அவற்றைக் கழற்றக் கூடாது என்பது வாடகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை. மணமகன் அறையில் இணை இயக்குநர்கள், மணமகள் அறையில் கணக்குப் பிரிவு. சாப்பாட்டுக் கூடத்து நீள மேஜைகளில் இலை போடுகிற இடத்திலெல்லாம் குண்டூசி குத்திய வெட்டுக்கிளிகள் பந்திக்கு உட்கார்ந்திருந்தன.

மூன்று வருடம் உழைத்து, ஆரணி வட்டாரத்தில் வெட்டுக்கிளி மூன்றே வகை என்று மையம் கண்டுபிடித்திருந்தது. மையத்து ஜீப் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. தார்ச்சாலை ஓரம் வந்து உட்காருகிற வெட்டுக்கிளிகள் மூன்று வகைதான். அந்த மூன்றுக்கும் உள்ளே இரண்டு கட்சி. சேர்ப்போர் கட்சிக்காரர்கள், மூன்றும் ஒரே வகை, வெயிலில் நிறம் வெளுத்திருக்கிறது என்பார்கள். பிரிப்போர் கட்சிக்காரர்கள், ஒரே செடியில் பிடித்த இரண்டில் ஒன்றுக்குக் கால் ஒடிந்திருந்தாலும் அது தனி வகை என்பார்கள். சேர்ப்போர் பதினொரு மணிக்கு டீ குடித்தால் பிரிப்போர் பதினொன்றே காலுக்குத்தான் குடிப்பார்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவாக டீ போடுகிறவர் மட்டும்தான் அங்கே வேலை செய்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆண்டு விழாவில் இயக்குநர் பேசியதை அங்கிருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். “பூச்சி இன்னிக்கி இருக்கும், நாளைக்கி செத்துடும். கோப்பு சாகாது. நாம பூச்சிக்காக உழைக்கறோம்னு யாரும் தப்பா நெனச்சிடாதீங்க. வகைப்பாட்டுக்காக உழைக்கறோம். நாளைக்கே உலகத்துல ஒரு வெட்டுக்கிளிகூட இல்லாம போனாலும் இந்த மையம் இருக்கும். அப்பத்தான் நிம்மதியா வேலை பாக்கலாம்.” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இந்த மகான்கள் வாயில் போய் விழுந்தாளே ஒருத்தி, அவள் பெயர் திலகவதி. கொசப்பாளையத்தில் வீடு. வீட்டுக்காரர் ராஜ்குமார் செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஏறினாரானால் இறங்கும்போதுதான் கண் திறப்பார். திலகவதிக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கு இழைகளான பாவு ஒன்று நெய்து தீர்ந்ததும், பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியோடு சேர்த்து முறுக்கி ஒட்ட வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒன்று தவறினாலும் புடவையில் கோடு விழும். கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினாலும் எத்தனையாவது இழை என்று அவள் விரல் சொல்லும். அதனால் தெருத் தெருவாக அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் ஓய்வு கிடையாது.

பட்டு வழுக்கும். அதனால் சலித்த அடுப்புச் சாம்பலை ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துக்கொண்டு விரலைத் தொட்டுத் தொட்டு முறுக்குவார்கள். பத்தொன்பது வருடம் தொட்டதில் திலகவதியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்ன தேய்த்தாலும் சாம்பல் நிறம் விடாது. வழுக்குகிற பொருள் எதுவானாலும் கை தானாகப் போய்க் கொட்டாங்கச்சியில் தொட்டுவிட்டு வரும். மீன் கழுவினாலும் அப்படித்தான், ஊசி எடுத்தாலும் அப்படித்தான். பாவு பிணைக்கிற வீடுகளில் யாருக்கும் இது வினோதமாகப் படாது. இதை மறந்துவிடாமல் மேலே கேளுங்கள்.

அவள் மகள் பானுப்ரியா எட்டாம் வகுப்பு. அந்தப் பெண்ணுக்கு வெட்டுக்கிளிப் பைத்தியம். ஏரிக்கரை எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமும் வரிவரியாக உட்கார்ந்திருப்பது, கூம்புத் தலையை நீட்டிக்கொண்டு புல்லோடு புல்லாக நிற்பது, மண் நிறத்தில் கிடந்து பறக்கும்போது மட்டும் சிவப்பு காட்டுவது என்று பதினாலு வகை அவள் நோட்டில் இருந்தது. பட்டுத் தெருவில் பிறந்த பெண் வேறெப்படி எழுதுவாள்? உடம்பின் நிறத்தை ‘உடல்’ என்றும், மேலிறக்கை ஓரத்தை ‘பார்டர்’ என்றும், உள்ளே மடிந்திருக்கும் பின்னிறக்கையை ‘முந்தானை’ என்றும் எழுதிவைத்திருந்தாள். மடித்த புடவையில் முந்தானை தெரியாது, பிரித்தால்தான் தெரியும். வெட்டுக்கிளிக்கும் அதுதான் கணக்கு என்பாள். மையத்தின் மூன்று வருட அறிக்கையைவிட அந்த நாற்பது பக்க நோட்டில் விஷயம் அதிகம். இதை நான் சொல்லவில்லை, ஹேமநாத் சொன்னான்.

ஹேமநாத் போளூர்ப் பையன். மையத்தில் தற்காலிக ஆய்வு உதவியாளன். திலகவதி வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். அக்கா அக்கா என்று உயிரை விடுவான். மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டதும், மூன்றாம் நாளிலிருந்து திலகவதி அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

ஒரு காலையில் தெருவில் கிளிப்பச்சைப் பாவு ஒன்றை நீட்டிக் கட்டியிருந்தார்கள். இழை சரிபார்த்துக்கொண்டு போன பானுப்ரியா நடுவில் நின்றுவிட்டாள். பாவின்மேல் அதே பச்சையில் ஒரு வெட்டுக்கிளி. அவள் விரலை நீட்டியதும் அது இறக்கையை விரித்தது. முந்தானை வெங்காயத்தோல் நிறம். அவள் நோட்டிலேயே இல்லாத பதினைந்தாவது வகை. திலகவதி கொட்டாங்கச்சியில் விரலைத் தொட்டுக்கொண்டு அதை லாவகமாகப் பிடித்தாள். பிடித்த கை சும்மா இருக்குமா? பின்னங்கால் முட்களை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணியது. ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் பதினொன்று. வேறு எதிலும் இந்தக் கணக்கு வந்ததில்லை என்று மகள் நோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

ஹேமநாத் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். இது புத்தம் புது இனம், உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் கிடையாது என்றான். பெயர் வைக்கும்போது முன்பாதி லத்தீனில் இருக்கும், பின்பாதிக்குக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பது உண்டு, பெண் பெயரானால் கடைசியில் ஒரு ‘ஏ’ சேரும் என்றும் சொன்னான்.

“பாப்பா பேரைத்தான்க்கா வைக்கப்போறோம். பானுப்ரியே. உலகம் பூரா அப்பிடித்தான் கூப்புடுவாங்க. இது என் வார்த்தை.”

திலகவதிக்கு ரேஷன் கார்டில் தன் பெயரைத் திருத்த நாலு தடவை தாலுகா ஆபீஸுக்கு அலைந்த அனுபவம் உண்டு. மகள் பெயர் உலகம் பூராவும் ஒரு எழுத்துப் பிசகாமல் நிற்கப்போகிறது என்று கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். அன்றைக்கு ஹேமநாத்துக்கு வடை சுட்டுப்போட்டாள். பானுப்ரியா பள்ளிக்கூடத்தில் சொல்ல, தலைமையாசிரியை சசிகலா காலைப் பிரார்த்தனையில் மைக்கில் சொல்லிவிட்டார். கரும்பலகையிலும் வண்ணச் சாக்பீஸில் எழுதி, அழிக்கக் கூடாது என்று கீழே கோடு போட்டுவிட்டார்.

மையத்துக்குப் பன்னிரண்டு மாதிரிகள் வேண்டும் என்றார்கள். திலகவதி ஏரிக்கரையில் மகளோடு சுற்றி, விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டுப் பன்னிரண்டைப் பிடித்து, தீப்பெட்டிகளில் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். வேறேதோ துறையின் படிவத்தை அப்படியே அச்சடித்திருந்தார்கள் போலிருக்கிறது; வெட்டுக்கிளியின் தந்தை பெயர், நிரந்தர முகவரி, இதற்குமுன் வேறு எந்த வகையிலாவது சேர்க்கப்பட்டிருந்ததா என்றெல்லாம் கேட்டது. தந்தை பெயர் தெரியாது என்று எழுதினால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. கடைசியில் பன்னிரண்டுக்கும் ஏரிக்கரை ஆண் வெட்டுக்கிளி என்று எழுதிக் கொடுத்தாள். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

ஏழு மாதம் நாலு உபகுழு உட்கார்ந்தது. சேர்ப்போர் இதுவும் பழைய ஒரே வகைதான் என்றார்கள். பிரிப்போர் பன்னிரண்டும் பன்னிரண்டு வகை என்றார்கள். கடைசியில் இயக்குநர் இது ஒரு வகை என்று தீர்ப்புச் சொல்ல, பதினெட்டுப் பக்க விளக்கக் குறிப்பு வெளியாயிற்று. ஹேமநாத் அதைக் கொண்டுவந்து திலகவதிக்குத் தமிழில் சொன்னான். கால் முள்ளைப் பற்றி ஒரு வரி. வெங்காயத்தோல் நிறத்தைப் பற்றி அரை வரி. மீதிப் பதினேழு பக்கத்துச் சொச்சமும் அந்த வெட்டுக்கிளியின் தலையாய அடையாளத்தைப் பற்றி: கழுத்துத் தகட்டிலும் மேலிறக்கைகளிலும் இயற்கையாகவே படிந்துள்ள மெல்லிய சாம்பற்பூச்சு.

திலகவதி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் நழுவியது.

“ஐயோ, அது என் கை சாம்பல்பா. வழுக்கும்னு தொட்டுகினு புடிச்சேன்.”

ஹேமநாத் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், அந்தச் சாம்பற்பூச்சைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி அனுப்பியிருந்தான். வெட்டுக்கிளி விறகடுப்புப் பக்கம் ஒளிந்து வாழ்ந்ததால் காலப்போக்கில் சாம்பல் நிறம் பெற்றது என்பது அதன் சாரம். ஆரணியில் வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டதால் இந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தான். அதை நம்பி, ஏரிக்கரையில் ஐந்நூறு விறகடுப்பு மூட்டி இனத்தைக் காப்பாற்றும் திட்டம் ஒன்று மேலிடத்துக்குப் போயிருந்தது.

மறுநாள் திலகவதியை மணமேடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் மயில்களுக்குக் கீழே நின்று, கொட்டாங்கச்சி விஷயத்தை மறைக்காமல் சொன்னாள்; விரலையும் நீட்டிக் காட்டினாள். இயக்குநர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

“அம்மா, ஒங்க விரல்ல இருக்கறது ஒங்க சாம்பல். பூச்சி மேல இருக்கறது பூச்சியோட சாம்பல். ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது. மூணு நிபுணர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பூச்சி இதுல கையெழுத்துப் போடல. நான் யாரை நம்பறது?”

ஏரிக்கரையில் போய் உயிரோடு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள், மேலே ஒன்றும் இருக்காது என்றாள் அவள். சாம்பல் இல்லாமல் இருந்தால் அது இந்த இனமே இல்லையே, அதை ஏன் நாங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டார் அவர். சரிங்க என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். நம் கடமை முடிந்தது, படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. பெயரை உறுதி செய்ய மேலிடத்துச் சரிபார்ப்புக் குழு ஆரணிக்கே வருகிறது, உயிருள்ள நாற்பது வெட்டுக்கிளிகளை நேரில் பார்க்கும் என்று கடிதம் வந்தது. ஏரிக்கரையில் நாலாயிரம் இருந்தன. ஒன்றின் மேலாவது சாம்பல் இருக்க வேண்டுமே.

ஹேமநாத் வந்து அடுப்படி வாசலில் நின்றான். சாப்பிடவில்லை. தட்டை எடுத்து வைத்தும் உட்காரவில்லை. கேட்டால் கண் கலங்கினான். விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னான். வருகிற குழு சாம்பலைப் பார்க்காவிட்டால் குறிப்பு ரத்தாகும்; குறிப்பு ரத்தானால் இனம் ரத்து; இனம் ரத்தானால் பானுப்ரியே என்ற பெயரும் ரத்து.

“ஒரே ஒரு நாள்தான்க்கா. நாப்பதுக்கும் லேசா தொட்டு வுட்டா போதும். பாப்பா பேர் ஏறிடுச்சுன்னா அப்பறம் சாம்பலைப் பத்தி நானே திருத்தம் எழுதிடறேன்.”

திலகவதி முடியவே முடியாது என்றாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு இழையைக்கூடப் பொய்யாக ஒட்டினவள் இல்லை அவள். அறுந்ததை மறைத்துப் பக்கத்து இழையோடு சேர்த்து முறுக்கிவிட்டால் அன்றைக்குத் தெரியாது, புடவை கட்டுகிறவளுக்குத்தான் தெரியும். அப்படிச் செய்கிறவர்களை அவள் வாசலில் சேர்க்கமாட்டாள். ஆனால் அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பானுப்ரியா ஓடிவந்து, பெயர் சூட்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு முழுக்கக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம் என்று சொல்லிக் குதித்தாள். முதல் வரிசையில் உட்காருவதற்கு இப்போதே சண்டையாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு திலகவதி சரி என்றாள்.

ஹேமநாத் ‘படிவம் எண் பன்னிரண்டு’ என்று ஒரு தாளை நீட்டினான். ‘மேற்படி பூச்சியின் சாம்பல் இயற்கையானது, என் அறிவுக்கு எட்டியவரை மனிதக் கை எதுவும் படவில்லை’ என்று அச்சடித்திருந்தது. இது சும்மா சம்பிரதாயம்க்கா என்றான். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அந்தச் சாம்பல் விரலாலேயே பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் அவள் விரல் ரேகை சாம்பலில் பதிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

குழு வருகிற காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் கொசுவலை கட்டி, உள்ளே நாற்பது வெட்டுக்கிளிகள். திலகவதி குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்திலும் இறக்கையிலும் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ கையில் இருக்கும்போது நிமிர்ந்தால், புதுப் பட்டுப் பாவாடையில் பானுப்ரியா நிற்கிறாள். எப்போது வந்தாளோ.

“அது மேல ஒண்ணுமே இருக்காதேம்மா.”

“எனக்குத் தெரியாதாடி?”

“அப்பறம் இன்னாத்துக்குப் பூசற?”

“உன் பேருக்குதான்.”

பெண் வலைக்குள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே போய்விட்டாள். திலகவதி மறுபடி குனிந்தாள். மீதி ஒன்பதையும் பூசி முடித்தாள்.

மேலிடத்துக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வலையைச் சுற்றி வந்தார்கள். நல்ல சாம்பல், தரமான சாம்பல் என்று தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வெட்டுக்கிளி முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. துடைத்த இடத்தில் சாம்பல் போய்ப் பளீரென்று பச்சை தெரிந்தது. ஹேமநாத்துக்கு வியர்த்துவிட்டது. இயக்குநர் அசரவே இல்லை.

“உயர் அதிகாரிகளைப் பாத்தா இது பூச்சை உதுத்து மரியாதை செய்யும். இதையும் நாங்க கவனிச்சிருக்கோம்.”

குழுத் தலைவர் மகிழ்ந்துபோய், இதை இரண்டாவது அடையாளமாகக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எல்லா வெட்டுக்கிளிகளும் உடம்பைத் துடைத்துக்கொண்டு பச்சையாக உட்கார்ந்திருந்தன. ஐந்து பேருக்கும் நெகிழ்ச்சி தாங்கவில்லை.

அடுத்த வாரம் பெயர் சூட்டு விழா. பழைய பழக்கத்தில் யாரோ வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். வகுப்பு முழுக்க வந்திருந்தது. பானுப்ரியா முதல் வரிசையில், திலகவதி அவளுக்குப் பக்கத்தில். ராஜ்குமார்கூட ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து, உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். மேடையில் ஒரு பலகை, அதன்மேல் பட்டுத்துணித் திரை. இயக்குநர் கயிற்றை இழுத்தார்.

பலகையில் லத்தீன் எழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் இருந்தது: சாவித்ரியே.

சாவித்திரி இயக்குநரின் மனைவி. மேடையிலேயே இருந்தார். வெட்டுக்கிளி என்றால் பயம் என்பதால் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“என் மனைவி ஒரு பூச்சியைக்கூடப் பாத்ததில்லை. பாக்க விரும்பினதும் இல்லை. அதனாலதான் இந்தப் பேர் முழுக்க முழுக்கப் பாரபட்சமில்லாதது. இருபத்தாறு வருஷமா என்னை வீட்டுப் பக்கம் எதிர்பாக்காம அறிவியலுக்கு விட்டுக்கொடுத்தவங்க. மாதிரிகளைச் சேகரிச்சது யாருன்னு தெரியலை. குறிப்புல ‘உள்ளூர்’னு போட்டிருக்கோம். உள்ளூருக்கு நன்றி.”

பிள்ளைகள் திரும்பிப் பானுப்ரியாவைப் பார்த்தார்கள். ஒருத்தி சிரிக்க, வரிசை முழுக்கச் சிரிப்புப் பரவியது. சசிகலா டீச்சர் அதட்டினார். பானுப்ரியா பாவாடையின் பார்டரை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

திலகவதி எழுந்து போய், கை கழுவுகிற இடத்தருகே ஹேமநாத்தைப் பிடித்தாள். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். இனத்தை விவரித்தவர்களில் இரண்டாவது பெயராக அவன் பெயரைப் படித்தார்களே, அதனால். வேலை நிரந்தரமாகிவிட்டதென்று காலையில்தான் உத்தரவு வந்திருந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் பெயரைப் பூச்சிக்கு வைக்கக் கூடாதென்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்துவிட்டது, தன் கையில் ஒன்றுமில்லை என்று அவளைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துச் சொன்னான்.

“அந்தக் காயிதம் எப்ப வந்துது?”

அவன் குழாயைத் திருகி மூடினான்.

“சாம்பல் பூசச் சொல்லி அடுப்படில வந்து அழுதியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. “முன்னாடிதான்க்கா” என்றான்.

ஒன்றரை வருடம் தட்டு நிறையப் போட்ட சோறு, வடை, காய்ச்சல் வந்தபோது வைத்துக் கொடுத்த கஞ்சி எல்லாம் அவள் கண் முன்னால் வந்துபோயின. நேராக மணமேடைக்குப் போய், எல்லாம் பொய், அது என் கை சாம்பல், நானே இந்தக் கையால் பூசினேன் என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னாள். இயக்குநர் கோப்பைப் புரட்டிப் பன்னிரண்டாம் எண் படிவத்தை எடுத்தார், கையெழுத்தைக் காட்டினார், பக்கத்தில் பதிந்திருந்த ரேகையையும் இப்போதுதான் பார்த்து, ரொம்ப நல்லது, ரேகையும் இருக்கிறது என்றார். பூசியது உண்மையானால் அரசுக் குழுவை ஏமாற்றிய குற்றம் திலகவதியுடையது. பூசவில்லையானால் குறிப்பு சரி. இரண்டில் எது என்று அவளே சொல்லலாம் என்று மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

எதிரே மகள் உட்கார்ந்திருந்தாள். மகளைச் சுற்றி அவள் வகுப்பு. குற்றவாளி என்று எழுதிக்கொள்வார்களோ, போலீஸ் வருமோ, பெண்ணின் படிப்பு என்னாகும்? திலகவதி மைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கீழே இறங்கிவிட்டாள். அவள் மௌனத்தை இயற்கையான பூச்சு என்று கோப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை மறுநாள் யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். கீழே போட்ட கோடு மட்டும் மிச்சம் இருந்தது.

நாலு நாள் கழித்து ஹேமநாத் மாடி அறையைக் காலி செய்தான். அவன் வரவில்லை, மையத்து ஜீப் வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போயிற்று. கொசப்பாளையம் வரைக்கும் தார்ச்சாலை உண்டு. டிரைவர் ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். திலகவதி அப்போது வீட்டுத் தறியில் பாவு பிணைக்க உட்கார்ந்திருந்ததால், பானுப்ரியா பிரித்து உரக்கப் படித்தாள். மையத்தின் அங்கீகரிக்கப்பட்ட உயிர்மாதிரி வழங்குநராக அவளை நியமித்திருக்கிறார்கள். ஆண்டுக்கு நாற்பது சாவித்ரியே வழங்க வேண்டும். வழங்கப்படுபவை வெளியிடப்பட்ட குறிப்புக்கு எல்லா வகையிலும் பொருந்தியிருக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் திலகவதி மகளிடம் வாய்விட்டுப் பேசினாள். அந்தக் கூட்டத்தை நம்பியது தன் தப்பு என்றாள். அந்த ஹேமநாத் உருப்படமாட்டான் என்றாள். கூட இருந்தே கழுத்தை அறுத்துட்டான்டி, உன் பேரை வைக்கறேன்னு சொல்லிகினே வேற பேரை மாத்திட்டானுங்க என்று சொல்லி அழுதாள். ஆறுதலாக மகள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தாள்.

பானுப்ரியா காகிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

“அவங்க பேரைத்தாம்மா மாத்தனாங்க. நீ பூச்சியையே மாத்திட்ட.”

சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். பதினைந்து வகை எழுதிய நோட்டு தறியின் பக்கத்தில் கிடந்தது. திலகவதி எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் படம் அப்படியே இருந்தது. உடல் கிளிப்பச்சை, முந்தானை வெங்காயத்தோல், முள் ஒன்பதும் பதினொன்றும். பெயர் எழுதியிருந்த இடத்தை ரப்பர் வைத்து அழித்திருந்தாள். வேறு பெயர் எதுவும் எழுதவில்லை.

நாலாயிரம் இழை காத்துக்கொண்டிருந்தது. திலகவதியின் கை வழக்கம்போலத் தானாகக் கொட்டாங்கச்சிப் பக்கம் போயிற்று. போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். விரலைப் புடவையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். சாம்பல் தொடாமலேயே முதல் இழையை எடுத்து முறுக்கினாள். வழுக்கிற்று. மறுபடி எடுத்தாள். மறுபடி வழுக்கிற்று.